சர்வரில் பூட்டு, கையில் சாவி: இணையப் படிவத்துச் செய்திகளை ஜிபிஜி கொண்டு மறையாக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்களுக்குச் சட்ட ஆலோசனை தரும் சிறிய மையம் ஒன்றின் இணையதளத்தைச் சில ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். அதில் ‘எங்களுக்கு எழுதுங்கள்’ என்று ஒரு படிவம் உண்டு. வீட்டில் வாங்கிய அடியை, அலுவலகத்தில் மேலாளர் செய்ததை, நடு இரவில் யாருக்கும் தெரியாமல் போனில் தட்டி அதன் வழியாக அனுப்புகிறார்கள். பொறுப்பேற்ற முதல் வாரம் மையத்தின் மெயில் பெட்டியைத் திறந்தேன். நான்கு ஆண்டுக் கடிதங்கள் வெறும் எழுத்தாக அப்படியே கிடந்தன. ஹோஸ்டிங் நிறுவனத்தில் அனுமதி உள்ள எவரும் படிக்கலாம். கடவுச்சொல்லைத் திருடியவர் படிக்கலாம். பழைய பேக்கப் கையில் கிடைத்தவர் படிக்கலாம். படிவத்தில் வரும் செய்தியை ஜிபிஜி என்ற மறையாக்க மென்பொருளால் சர்வரிலேயே பூட்டி, மையம் மட்டும் திறக்கும்படி செய்வது அன்று தொடங்கிய வேலை. இதே போன்ற தளங்களை நடத்தும் நண்பர்கள் அதன்பின் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் கீழே. லினக்ஸ் சர்வரும் பிஎச்பியும் ஓரளவு பழகியவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

தளத்தில் எச்டிடிபிஎஸ் இருக்கிறதே, அது போதாதா?

எச்டிடிபிஎஸ் காப்பது வழியை மட்டும்தான். எழுதுபவரின் போனிலிருந்து சர்வர் வாசல் வரை யாரும் எட்டிப்பார்க்க முடியாது. வாசலுக்கு வந்ததும் உறை பிரிந்துவிடும். பிரிந்த கடிதம் டேட்டாபேஸில் உட்காரும், மெயிலாகக் கிளம்பும், மெயில் சர்வரில் தங்கும், ஒவ்வொரு பேக்கப்பிலும் ஒரு நகல் விடும். இந்தப் பக்கம் பேசுவது வாசலுக்கு உள்ளே நடப்பதைப் பற்றி. எச்டிடிபிஎஸ் கட்டாயம் வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கும்போது அது இல்லாமல் இப்படி ஒரு படிவத்தைத் திறந்து வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பிஜிபி, ஓபன்பிஜிபி, ஜிபிஜி: மூன்றும் ஒன்றா?

பிஜிபி என்பது ஃபில் ஸிம்மர்மேன் 1991-இல் வெளியிட்ட மென்பொருள். மறையாக்க மென்பொருளை ஆயுதப் பட்டியலில் வைத்திருந்த அமெரிக்க அரசு, அது எப்படி நாட்டைவிட்டு வெளியே போனது என்று அவர்மீது குற்ற விசாரணை நடத்தி, 1996 ஜனவரியில் வழக்குப் போடாமலே கைவிட்டது. அந்த மென்பொருளின் கோப்பு வடிவத்தைப் பொதுவாக்கி எழுதிய தரம்தான் ஓபன்பிஜிபி. அந்தத் தரத்தை ஒட்டி ஜெர்மனியின் வெர்னர் கோஹ் எழுதிய கட்டற்ற மென்பொருள் குனூ பிரைவசி கார்ட், சுருக்கமாக ஜிபிஜி, அதன் 1.0 பதிப்பு 1999-இல் வந்தது. சர்வரில் நாம் நிறுவப்போவது இதைத்தான்.

படிவத்தில் எழுதுபவர் தன் போனில் எதையாவது நிறுவ வேண்டுமா?

வேண்டாம். இந்த ஏற்பாட்டை நான் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணமே அதுதான். 2012 கடைசியில், பின்னால் அமெரிக்க உளவு அமைப்பின் ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன் பத்திரிகையாளர் க்ளென் க்ரீன்வால்டுக்கு எழுதியபோது, முதலில் பிஜிபி நிறுவிக்கொள்ளும்படி கேட்டார். சொல்லிக்கொடுக்க 12 நிமிட வீடியோ ஒன்றையும் செய்து அனுப்பினார். அப்படியும் க்ரீன்வால்ட் நிறுவவில்லை. ஸ்னோடன் ஆவணப்பட இயக்குநர் லாரா பாய்ட்ராஸைத் தேடிப் போனார். தொழில்முறைப் பத்திரிகையாளருக்கே இது இவ்வளவு பாரமாக இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் கணவன் தூங்கிக்கொண்டிருக்க, ஐந்து நிமிடத்தில் எழுதி அனுப்பிவிட்டு போன் ஹிஸ்டரியை அழிக்க வேண்டிய பெண்ணிடம் சாவி உருவாக்கச் சொல்ல முடியாது. பாரம் முழுவதையும் சர்வரும் மையமும் சுமக்க வேண்டும்.

சாவி ஜோடியை சர்வரிலேயே உருவாக்கிவிடலாமா? அங்கேதானே வேலை?

தயவுசெய்து கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்கப்போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் யாரும் காசு போடலாம். போட்டவரே கையை விட்டு எடுக்க முடியாது. திறக்கும் சாவி நிர்வாகத்திடம் இருக்கும். ஓபன்பிஜிபியில் பொதுச்சாவி என்கிறோமே, அது உண்மையில் சாவி இல்லை, உண்டியல். அதைச் சர்வரில் வைக்கலாம், ஊருக்கே கொடுக்கலாம். திறக்கும் தனிச்சாவி மையத்தின் கணினியில் மட்டும் இருக்க வேண்டும். இப்படிச் செய்தால், ஒரு செய்தியைப் பூட்டிய சர்வரே அடுத்த நொடியில் அதைத் திறக்க முடியாது.

தனிச்சாவியும் சர்வரில் இருந்தால் உண்டியலின் சாவியை உண்டியல் மேலேயே தொங்கவிட்டதாகிவிடும். சர்வர் என்பது உலகம் முழுவதும் தட்டிப்பார்க்கும் கதவு. 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டை நினைவிருக்கலாம். எச்டிடிபிஎஸ்ஸுக்காகப் பல சர்வர்கள் பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்த பிழையால், வெளியிலிருந்து எவரும் கடவுச்சொல் ஏதுமின்றி சர்வரின் நினைவகத்தை ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை படிக்க முடிந்தது. எந்தச் சாவி எங்கே கசிந்தது என்று பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

திருடர்கள் மட்டுமல்ல, ஆணையோடு வருபவர்களும் உண்டு. 2013-இல் லாவாபிட் என்ற மெயில் சேவையை நடத்திய லாடார் லெவிசனிடம் அமெரிக்க அரசு சர்வரின் டிஎல்எஸ் தனிச்சாவியை (எச்டிடிபிஎஸ் போன்ற இணைப்புகளைக் காப்பது) கேட்டது. அவர் அதை 11 பக்கங்களில், படிக்கவே முடியாத பொடி எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்துப் பார்த்தார். அது எடுபடவில்லை. கடைசியில் அந்த ஆண்டு ஆகஸ்டில் சேவையையே மூடினார். சாவி அவர் சர்வரில் இருந்ததால்தான் அவரிடம் கேட்க முடிந்தது.

சரியாகச் செய்த உதாரணம், பத்திரிகைகளுக்கு ரகசியமாக ஆவணம் அனுப்ப உதவும் செக்யூர்டிராப். ஆரன் ஸ்வார்ட்ஸும் கெவின் பௌல்சனும் உருவாக்கிய இந்த ஏற்பாட்டை 2013 மே மாதம் நியூயார்க்கர் இதழ் முதலில் பயன்படுத்தியது. ஸ்வார்ட்ஸ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அதில் வரும் ஆவணங்களைச் சர்வர் பொதுச்சாவியால் பூட்டி வைக்கும். திறக்கும் சாவி, எந்த வலையிலும் இணைக்கப்படாத தனிக் கணினியில் இருக்கும். பூட்டிய கோப்பை யுஎஸ்பி குச்சியில் எடுத்துப் போய்த்தான் படிக்க வேண்டும். நம்மைப் போன்ற சிறிய மையத்துக்கு அவ்வளவு தேவைப்படாமல் இருக்கலாம். சாவி எங்கே இருக்க வேண்டும் என்ற பாடம் மட்டும் அதேதான்.

சரி, சாவியை எங்கே, எப்படி உருவாக்குவது?

மையத்தில் கடிதங்களைப் படிக்கும் பொறுப்பாளரின் கணினியில். விண்டோஸ் என்றால் ஜிபிஜி4வின் தொகுப்பை நிறுவினால் கிளியோபாட்ரா என்ற செயலி வரும். அதில் சாவி உருவாக்குவது சில நிமிட வேலை. தண்டர்பேர்ட் 78-ஆம் பதிப்பிலிருந்து மெயில் செயலிக்குள்ளேயே ஓபன்பிஜிபி இருக்கிறது. நீளமான கடவுச்சொல் போடுங்கள். காலாவதித் தேதி இரண்டு ஆண்டு வையுங்கள். பிறகு பொதுச்சாவியை மட்டும் ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து சர்வருக்கு அனுப்புங்கள்.

சர்வருக்கு வந்த சாவி அதே சாவிதான் என்று எப்படித் தெரியும்?

கைரேகையை ஒப்பிட்டு. ஒவ்வொரு சாவிக்கும் 40 எழுத்து நீளமுள்ள கைரேகை உண்டு; ஜிபிஜி அதை நான்கு நான்காகப் பிரித்துப் பத்துத் தொகுதியாகக் காட்டும். மையத்து அக்காவும் நானும் இதைப் போனில்தான் செய்தோம். அவர் தன் திரையைப் பார்த்து வாசிக்க, நான் சர்வர் திரையில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன்.

“ஒன்பது, ஏழு, பி, நாலு…”

“பியா டியா அக்கா?”

“பி தம்பி. பம்பாய் பி.”

பத்துத் தொகுதியும் முடிய மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. சலிப்பாக இருக்கிறது என்று கடைசி எட்டு எழுத்தை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். கடைசி எட்டு எழுத்து ஒத்துப்போகும் போலிச் சாவியைச் சாதாரணக் கணினியிலேயே உருவாக்கிவிடலாம் என்று 2014-இல் இரண்டு ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். மெயிலில் அனுப்பிய சாவியை அதே மெயிலில் வந்த கைரேகையோடு ஒப்பிடுவதிலும் பயன் இல்லை. வேறு வழியாக, முடிந்தால் குரல் தெரிந்தவரிடம் கேட்டுச் சரிபாருங்கள்.

சர்வரில் நிறுவுவது எப்படி?

டெபியன், உபுண்டு சர்வர்களில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். பதிப்பைப் பாருங்கள், 2.2 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும். பலர் பங்கிடும் மலிவு ஹோஸ்டிங்கில் பிஎச்பியிலிருந்து வெளி நிரல்களை இயக்கத் தடை இருக்கும். அங்கே இந்த வழி நடக்காது. உலாவியிலேயே பூட்டும் ஓபன்பிஜிபி.ஜேஎஸ் என்ற மாற்று உண்டு. ஆனால் அந்த நிரலை உலாவிக்குக் கொடுப்பதும் அதே சர்வர்தான் என்பதால், சிறிய விபிஎஸ் (நமக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) ஒன்றுக்கு மாறிவிடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

டெர்மினலில் தட்டினால் வேலை செய்கிறது. படிவத்திலிருந்து ஓடவில்லை. ஏன்?

என்னிடம் அதிகம் வந்த கேள்வி இது. காரணமும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். டெர்மினலில் தட்டுவது நீங்கள். படிவத்தை ஓட்டுவது வெப் சர்வரின் தனிப் பயனர். சாவியை நீங்கள் உங்கள் பெயரில் இறக்குமதி செய்திருப்பீர்கள். அது உங்கள் வீட்டு அடைவில் இருக்கும். வெப் சர்வர் பயனருக்கு அது கண்ணிலேயே படாது. அவருடைய வீட்டு அடைவில் ஜிபிஜி புதிதாக ஓர் அடைவு உருவாக்கப் பார்க்கும். அனுமதி இல்லை என்று செத்துப்போகும்.

டெபியனில் அந்தப் பயனரின் வீடாகக் குறித்திருப்பது இணையதளக் கோப்புகள் இருக்கும் பகுதியே. அனுமதியைத் தளர்த்தி அங்கேயே அடைவு உருவாக விட்டுவிடாதீர்கள். சில அமைப்புகளில் அது உலாவியிலிருந்து எட்டும் இடமாகவே இருக்கும். இணையதளத்துக்கு வெளியே ஒரு அடைவு உருவாக்கி, வெப் சர்வர் பயனரை உரிமையாளராக்கி, அனுமதியை 700 என்று வைத்து, ஹோம்டிர் என்ற தெரிவில் அந்தப் பாதையைக் கொடுங்கள். சாவியையும் அந்தப் பயனராக மாறி நின்றே இறக்குமதி செய்யுங்கள். ரூட்டாக இருந்து செய்தால் கோப்புகள் ரூட்டின் பெயரில் உருவாகி, மறுபடியும் அதே சுவரில் முட்டுவீர்கள். ஃபெடோரா வகை சர்வர்களில் இவ்வளவும் சரியாக இருந்தும் ஓடாவிட்டால் எஸ்இ-லினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு தடுக்கிறதா என்று பாருங்கள்.

நான் இப்போது செய்வது இன்னும் எளிது. ரெசிப்பியன்ட்-ஃபைல் என்ற தெரிவைக் கொடுத்தால், ஜிபிஜி சாவிகளைச் சேர்த்து வைக்கும் சாவிவளையத்தில் இறக்குமதி செய்யாமல் பொதுச்சாவிக் கோப்பை நேரடியாகக் காட்டியே பூட்டலாம். அந்தக் கோப்பின் உரிமையாளர் ரூட்; வெப் சர்வர் பயனருக்குப் படிக்க மட்டும் அனுமதி. தளத்தின் பிஎச்பியில் ஓட்டை விழுந்து யாரோ உள்ளே வந்தாலும், அந்தக் கோப்பில் தன் சாவியை மாற்றி வைக்க ரூட் அனுமதி வேண்டியிருக்கும்.

‘இந்தச் சாவி குறிப்பிட்டவருடையதுதான் என்பதற்கு உறுதி இல்லை’ என்று ஜிபிஜி மறுக்கிறது.

சரியாகத்தான் மறுக்கிறது. டெர்மினலில் இருந்தால் ‘ஆனாலும் பயன்படுத்தவா?’ என்று கேட்டிருக்கும். படிவத்தின் பின்னால் பதில் சொல்ல ஆள் இல்லை. கைரேகையை நீங்கள் கையால் சரிபார்த்திருந்தால், அந்த அடைவில் வேறு சாவி எதுவும் இல்லாவிட்டால், டிரஸ்ட்-மாடல் தெரிவுக்கு ஆல்வேஸ் என்று கொடுங்கள். சரிபார்க்காமல் அதைக் கொடுப்பது கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவது. ரெசிப்பியன்ட்-ஃபைல் வழியில் இந்தக் கேள்வியே எழாது. அதனாலேயே கைரேகையில் கூடுதல் கவனம் வேண்டும்.

பின்என்ட்ரி பிழை வருகிறது.

கடவுச்சொல் கேட்கிறது என்று பொருள். பூட்டுவதற்குக் கடவுச்சொல் தேவையே இல்லை. எங்கோ கையொப்பமிடவோ திறக்கவோ முயல்கிறீர்கள். அதாவது தனிச்சாவி சர்வருக்கு வந்துவிட்டது. மேலே நான்காவது கேள்விக்குத் திரும்புங்கள்.

செய்தியை ஜிபிஜியிடம் எப்படிக் கொடுப்பது?

குழாய் வழியாக. கட்டளை வரியில் செய்தியைச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு ஆபத்து. ஓடும் நிரல்களின் பட்டியலைப் பார்ப்பவருக்கு முழுச் செய்தியும் தெரியும்; செய்திக்குள் யாராவது வேண்டுமென்றே ஒரு கட்டளையை எழுதி அனுப்பினால் அதுவும் ஓடக்கூடும். தற்காலிகக் கோப்பில் எழுதிவிட்டு அழிப்பதும் வேண்டாம். அழித்த கோப்பு வட்டில் மிஞ்சும். பிஎச்பியில் பிராக்-ஓபன் என்ற செயற்கூறு உண்டு. 7.4 பதிப்பிலிருந்து கட்டளையை அணியாகவே கொடுக்கலாம்; ஷெல் நடுவில் வராது. செய்தியை உள்ளீட்டுக் குழாயில் ஊற்றி, வெளியீட்டுக் குழாயில் பூட்டிய வடிவத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்மர் தெரிவைக் கொடுத்தால் மெயிலில் ஒட்டத் தகுந்த எழுத்தாக வரும்.

அதன்பின் ஒரு நிமிடம் செலவழித்து ஜிபிஜி முடியும்போது தரும் வெளியேற்றக் குறியீடு 0 தானா (அதாவது வெற்றியா) என்று பார்க்கும் வரியை எழுதுங்கள். நான் எழுதவில்லை. இரண்டாம் ஆண்டில் சாவி காலாவதியானது. ஜிபிஜி பூட்ட மறுத்தது. என் நிரல் அதைக் கவனிக்காமல், உள்ளே ஒன்றும் இல்லாத மெயிலை அனுப்பிக்கொண்டே இருந்தது. எழுதியவர்களுக்கோ ‘உங்கள் செய்தி கிடைத்தது’ என்று திரையில் காட்டியது. வெற்று மெயில்களை மையத்தில் ஸ்பேம் என்று நினைத்து ஒதுக்கினார்கள். பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளில் எழுதியவர்கள் யார், என்ன கேட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. பதில் வராத அந்தப் பெண்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை நான் மறக்கவில்லை.

இப்போது என் நிரல் குறியீட்டையும், வெளியீட்டின் முதல் வரி பிஜிபி செய்தி தொடங்குவதாகச் சொல்கிறதா என்பதையும் பார்க்கும். இரண்டில் ஒன்று தவறினாலும் எழுதியவருக்கு ‘செய்தி போய்ச் சேரவில்லை, இந்த எண்ணில் அழையுங்கள்’ என்று காட்டும். எனக்கு எச்சரிக்கை அனுப்பும். பூட்ட முடியாவிட்டால் வெறும் எழுத்தாகவே அனுப்பிவிடலாம் என்ற மாற்று வழியை மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒருநாள் அது சத்தமில்லாமல் இயங்கத் தொடங்கும். காலாவதிக்கு ஒரு மாதம் முன்பே, அதே சாவியின் தேதியை நீட்டி, புதிய பொதுச்சாவிக் கோப்பைச் சர்வரில் மாற்றுங்கள். சாவி அதேதான், கைரேகையும் மாறாது.

திறந்து பார்த்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறியாகவோ குப்பையாகவோ தெரிகின்றன.

பூட்டியதில் பிழை இல்லை. ஜிபிஜி பைட்டுகளைத்தான் பூட்டுகிறது; எந்த மொழி என்று அதற்குத் தெரியாது. படிவப் பக்கம், பிஎச்பி, வெளி மெயிலின் தலைப்பு மூன்றும் யூடிஎஃப்-8 என்று சொல்ல வேண்டும். விண்டோஸின் கறுப்புத் திரையில் திறந்து பார்க்காதீர்கள். கிளியோபாட்ராவின் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பூட்டிய செய்தியை டேட்டாபேஸில் வைப்பவர்கள் அந்த நெடுவரிசையின் நீள வரம்பையும் பார்க்க வேண்டும். வெறும் எழுத்தின் வால் அறுந்தால் மீதியைப் படித்துக்கொள்ளலாம். பூட்டிய செய்தியின் வால் அறுந்தால், அது முழுமையானதா என்று சோதிக்கவே வழியில்லாமல் போகிறது. பல செயலிகள் திறக்கவே மறுத்துவிடும்.

பூட்டிய பிறகும் எது வெளியே தெரியும்?

மெயிலின் பொருள் வரி, அனுப்புநர், பெறுநர், நேரம். ஆகவே பொருள் வரியில் ‘புதிய செய்தி’ என்று மட்டும் போடுங்கள். எழுதியவரின் பெயர், மெயில் முகவரி, தொலைபேசி எண் எல்லாம் பூட்டிய உடலுக்குள் போகட்டும். பதில் முகவரியாகத் தலைப்பில் வைக்காதீர்கள். ஜிபிஜியைச் சரியாக வைத்துவிட்டு, ‘எனக்கும் ஒரு நகல் அனுப்பு’ என்ற கட்டத்தைப் படிவத்தில் விட்டுவைத்திருந்த தளத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த நகல் பூட்டாமல் போய்க்கொண்டிருந்தது, அதுவும் வீட்டில் எல்லோரும் பார்க்கும் மெயிலுக்கு. வேர்ட்பிரஸ் படிவ பிளகின்கள் சில ஒவ்வொரு செய்தியையும் டேட்டாபேஸில் தனியாகச் சேமிக்கும். ஸ்பேம் தடுக்கும் அகிஸ்மெட் போன்றவை செய்தியைத் தங்கள் சர்வருக்கு அனுப்பித்தான் சோதிக்கின்றன. இந்தப் படிவத்தில் அவை வேண்டாம்.

எழுதியவருக்குப் பதில் எப்படி அனுப்புவது?

இந்த ஏற்பாடு ஒருவழிப் பாதை. அவரிடம் சாவி இல்லாததால் பதில் பூட்டாமல்தான் போகும். மையத்தில் வைத்திருக்கும் வழக்கம்: பதிலில் விவரம் எதுவும் எழுதுவதில்லை, பாதுகாப்பாகப் பேச எந்த நேரம் சரி என்று மட்டும் கேட்பார்கள். மெயில் செயலி பழைய செய்தியைக் கீழே தானாக ஒட்டும் அமைப்பை அணைத்துவிடுங்கள். கவனிக்காமல் விட்டால், அவ்வளவு பாடுபட்டுப் பூட்டிய கடிதம் முழுவதும் பதிலின் அடியில் வெறும் எழுத்தாகத் திரும்பிப் போகும்.

பொறுப்பாளரின் கணினி பழுதானால்?

தனிச்சாவிக்கு நகல் இல்லாவிட்டால் பழைய கடிதங்கள் அத்தனையும் போனது போனதுதான். ஹோஸ்டிங் நிறுவனத்தாலோ என்னாலோ எதுவும் செய்ய முடியாது. இரண்டு யுஎஸ்பி குச்சியில் நகல் எடுத்து இரண்டு வெவ்வேறு இடத்தில் பூட்டி வையுங்கள். சாவி உருவாகும்போது ஜிபிஜி தானாகவே ரத்துச் சான்றிதழ் (இந்தச் சாவியை இனிப் பயன்படுத்தாதீர்கள் என்று அறிவிக்கும் கோப்பு) ஒன்றையும் எழுதி வைக்கும். அதையும் சேர்த்து எடுங்கள். இருவர் படிக்க வேண்டும் என்றால் ஒரே சாவியைப் பங்கிடாதீர்கள். ஆளுக்கொரு சாவி வைத்து, சர்வரில் இரண்டு பெறுநராகக் கொடுங்கள். இருவரில் யாராலும் திறக்க முடியும்.

சர்வரையே யாராவது கைப்பற்றிவிட்டால்?

அதுவரை வந்த கடிதங்களைத் திறக்க முடியாது. அதன்பின் வருபவை பாதுகாப்பில் இல்லை. பூட்டுவதற்கு முன்பே நகலெடுக்கும்படி நிரலை மாற்றிவிடலாம். எனவே சர்வரைப் புதுப்பித்து வைப்பதும், நிரல் கோப்புகள் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பதும் ஜிபிஜி வந்ததால் நிற்கும் வேலைகள் அல்ல. உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் இருப்பவருக்கு சிக்னல் போன்ற செயலியின் எண்ணையும் படிவத்துக்கு மேலேயே கொடுத்திருக்கிறோம்.

எல்லாம் சரியாக நடக்கிறது என்று எப்படிச் சோதிப்பது?

வேறெங்கும் வராத ஒரு சொல்லைப் படிவத்தில் எழுதி அனுப்புங்கள். நான் ‘கொடுக்காப்புளி’ என்று எழுதி, கூடவே அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கோவை ஒன்றையும் சேர்ப்பேன். தமிழ் எழுத்து லாக் கோப்புகளில் சதவீதக் குறியாக மாறிக் கிடக்கலாம். ஆங்கிலக் கோவை அப்படியே இருக்கும். முதலில் மையத்தில் அது சரியாகத் திறக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு சர்வரில் லாக் கோப்புகள், சுருக்கி வைத்த பழைய லாக்குகள், மெயில் வரிசை, டேட்டாபேஸ் டம்ப், தற்காலிக அடைவு என ஒன்று விடாமல் அந்தச் சொல்லைத் தேடுங்கள். முதல் முறை தேடியபோது எனக்கு அது பிஎச்பியின் பிழை லாக்கில் கிடைத்தது. பழுது பார்க்கும்போது நான் எழுதி, நீக்க மறந்த ஒரே ஒரு வரியால், படிவத்துக்கு வந்த ஒவ்வொரு கடிதமும் அங்கே முழுதாகப் பதிந்திருந்தது. வரியை நீக்கினேன், லாக்கையும் அதன் பேக்கப்பையும் அழித்தேன், மறுபடி கொடுக்காப்புளி அனுப்பித் தேடினேன். கிடைக்கவில்லை. மாதம் ஒருமுறை, நிரலில் கைவைத்த ஒவ்வொரு முறையும், இப்போதும் அனுப்பித் தேடுகிறேன்.